சேவையில் இருப்பவர்களுக்கு ‘அன்றாட வாழ்வில் ஆன்மப் பயிற்சிகள்’: சேரலாமா?

நோயாளர் சந்திப்பு, சிறைப்பணி, அகதிகள் பணி, வின்சென்ட் தே பவுல் சபை என்று எதில் இருந்தாலும், சில வருடங்களில் ஒரு களைப்பு வந்து உட்கார்ந்துவிடும். தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு அது. செய்வதெல்லாம் சரியாகத்தான் நடக்கும், ஆனால் செபம் ஒரு பக்கமும் சேவை ஒரு பக்கமுமாகப் பிரிந்து கிடக்கும். இந்த இரண்டையும் ஒன்றாக்கத்தான் இந்தப் பயிற்சி. முப்பது நாள் தியானத்துக்கு ஒதுங்கிப் போக முடியாதவர்களுக்காக, ஆன்மப் பயிற்சிகள் நூலின் 19-ஆம் முன்குறிப்பில் அதை எழுதிய இனிகோவே (இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார்) வகுத்துக் கொடுத்த வழி. இன்று தியான இல்லங்களும் இயேசு சபை மையங்களும் இதை நேரிலும் இணையத்திலும், ஏறக்குறைய 30 வாரங்களாக நடத்துகின்றன.

சுருக்கமாகச் சொன்னால், சேவையில் இருக்கும் ஒரு கத்தோலிக்கருக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி கிடையாது. ஆனால் தனிப்பட்ட வழித்துணையாளரும் (உங்கள் செப அனுபவத்தைக் கேட்டு வழிகாட்டுபவர்), தியானத்துக்குப் பிந்தைய மறுபார்வையும் இல்லாமல் நடத்துகிறார்கள் என்றால் சேர வேண்டாம். அந்த இரண்டும் போனால் மிஞ்சுவது விவிலிய வாசிப்பு அட்டவணைதான்.

சேவையை இதில் யாரோ பிற்காலத்தில் ஒட்டவைக்கவில்லை. 1522-இல் மன்ரேசாவில் இந்தக் குறிப்புகள் உருவாகத் தொடங்கியபோது, இனிகோ மருத்துவமனையில் தங்கி நோயாளிகளுக்கு உதவிக்கொண்டிருந்தார். பிறகு இயேசு சபையில் சேர வருபவர்களுக்கு அவர் வைத்த சோதனைகளில், ஒரு மாத ஆன்மப் பயிற்சிக்கு அடுத்து வருவது மருத்துவமனையில் ஒரு மாதப் பணிவிடை. 1546-இல் திரிதெந்தின் பொதுச்சங்கத்துக்கு இறையியலாளர்களாகப் போன தோழர்களுக்கும் மருத்துவமனைக்குப் போய் நோயாளிகளைப் பார்க்கச் சொல்லி எழுதினார். ஆகவே உங்கள் சேவையை நிறுத்திவிட்டு வரச் சொல்லும் மையம் நூலைச் சரியாகப் படிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

நேரக் கணக்குக்கு வருவோம். நூல் கேட்பது தினமும் ஒன்றரை மணி நேரம். இன்று பெரும்பாலான மையங்கள் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரத் தியானம், அதன்பின் கால் மணி மறுபார்வை, வாரம் ஒருமுறை வழித்துணையாளருடன் சுமார் ஒரு மணி நேரம் என்று வைக்கின்றன. மாதம் ஒரு சந்திப்பு என்றால் போதாது. நான்கு வாரம் ஓடியபின், இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை மனத்தில் என்ன நடந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது.

ஒரு நாள் தியானம் முந்தின இரவே தொடங்கிவிடுகிறது. படுத்தபின் ஓர் அருள்நிறை மரியே சொல்லும் நேரம், எழ வேண்டிய வேளையையும் மறுநாள் பகுதியையும் நினைத்துக்கொள்ள வேண்டும். காலையில் செபிக்கும் இடத்துக்கு ஓரிரண்டு அடி முன்னால், ‘விண்ணுலகிலிருக்கிற எங்கள் தந்தையே’ செபத்தை ஒருமுறை சொல்லும் நேரம் நின்று, இறைவன் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று உணர வேண்டும் (நூலின் பத்தி எண் 75). பலர் இதைத் தாண்டிவிட்டு நேராக உட்கார்ந்துவிடுகிறார்கள். அதனால்தான் முதல் இருபது நிமிடம் கைப்பேசிச் செய்திகளோடு போராட்டமாகப் போகிறது. பிறகு தயாரிப்புச் செபம், காட்சியை மனக்கண்ணில் நிறுத்துதல், வேண்டிய வரத்தைக் கேட்டல், தியானம், கடைசியில் நண்பனிடம் நண்பன் பேசுவதுபோல ஓர் உரையாடல்.

மறுபார்வைக்கு எழுந்து இடம் மாற வேண்டும். உட்கார்ந்தோ நடந்தோ கால் மணி நேரம். இங்கேதான் நோட்டுப் புத்தகம் கெட்டுப்போகிறது. “இயேசு தொழுநோயாளரைத் தொட்டார். நாமும் ஒதுக்கப்பட்டவர்களைத் தொட வேண்டும்” என்று எழுதினால் அது மறையுரை. “‘தொட்டார்’ என்ற சொல் வந்ததும் என் கை பின்வாங்கியது. நேற்று வார்டில் மூலைக் கட்டிலைத் தாண்டிப் போனது நினைவுக்கு வந்தது. அதன்பின் செபம் வறண்டது” என்பதுதான் வழித்துணையாளருக்குத் தேவையான வரி. என்ன தெரிந்துகொண்டோம் என்பதைவிட உள்ளே என்ன அசைந்தது, எங்கே அசைந்தது என்பதே கேள்வி. எதுவுமே அசையவில்லை என்றாலும் அதைச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்பவரிடம் எப்போது, எப்படிச் செபிக்கிறார் என்று விசாரிக்கும்படி 6-ஆம் குறிப்பு கேட்கிறது.

நல்ல வழித்துணையாளர் குறைவாகப் பேசுவார். படைத்தவரும் படைப்பும் நேரடியாக உறவாட விட்டுவிடு, எந்தப் பக்கமும் சாயாமல் தராசின் நடுமுள்போல நில் என்கிறது 15-ஆம் குறிப்பு. “இந்தச் சேவையை விடுங்கள், எங்கள் குழுவுக்கு வாருங்கள்” என்று சொல்கிறவரிடமிருந்து மரியாதையாக விலகி, வேறொருவரைக் கேளுங்கள்.

செபத்தில் ஆறுதலே கிடைக்காத வறட்சிக் காலத்தில் ஏற்கெனவே எடுத்த முடிவை மாற்றாதே என்பது (எண் 318) பலருக்கும் தெரிந்த விதி. சேவைக்குழுவிலிருந்து விலகும் கடிதங்கள் பெரும்பாலும் எழுதப்படுவது அந்தக் காலத்தில்தான் என்பதால், இந்த ஒரு விதிக்காகவே பயிற்சிக்கு வரலாம். வறட்சிக்கு மூன்று காரணம் இருக்கலாம் என்கிறார் இனிகோ. நம் அசட்டை, இறைவன் நம்மைச் சோதித்தல், ஆறுதல் என்பது நம் சம்பாத்தியமல்ல, கொடை என்று நாம் அறியவைத்தல். மூன்றில் எது என்று பார்க்காமல் “இன்னும் அதிகமாகச் செபியுங்கள்” என்பது உதவாது. எதிர்ப்பக்க ஆபத்தை ‘இரண்டாம் வாரத்துக்கான’ விதிகள் காட்டுகின்றன (பயிற்சியின் நான்கு கட்டங்களையும் நூல் ‘வாரம்’ என்றே அழைக்கிறது). நல்ல எண்ணமாகத் தொடங்கி வேறெங்கோ கொண்டுவிடும் ஈர்ப்பு அது. வாரம் ஒரு வார்டு மூன்றாகி, வீட்டில் பேச்சுக் குறைந்து, யாரைப் பார்த்தாலும் எரிச்சல் என்று முடியும். எண்ணத்தின் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் பார் என்று 333-ஆம் எண் சொல்வது இதற்குத்தான்.

பெரும்பாலான மையங்கள் மேல் எங்களுக்குள்ள பெரிய குறை, 337 முதல் 344 வரையிலான எண்களைத் தொடாமலே முடித்துவிடுவது. தர்மம் பகிர்ந்து கொடுப்பதற்கான விதிகள் அவை. நூலின் பின்பகுதியில் இருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. உதவித்தொகைப் பட்டியல் போடுகிற, அரிசி மூட்டை பிரிக்கிற ஒவ்வொருவருக்கும் அவை நேராகப் பேசுகின்றன. உறவினருக்கோ நண்பருக்கோ மனம் இழுக்கும் ஒருவருக்கோ கொடுக்கும்போது, அந்த அன்பு மேலிருந்து, இறையன்பிலிருந்து இறங்கி வருகிறதா என்று முதலில் பார். இதுவரை பார்த்தே அறியாத ஒருவர் இதே பொறுப்பில் இருந்தால் எந்த அளவுகோலைக் கைக்கொள்ளச் சொல்வாயோ, அதையே நீயும் கைக்கொள். சாகும் தறுவாயில் இருந்தால் எப்படிக் கொடுத்திருக்க விரும்புவாய்? தீர்ப்பு நாளில்? யார் பக்கமாவது சாய்வு தெரிந்தால் நிறுத்து. அந்தச் சாய்வு விலகும்வரை கொடுக்காதே.

ஒரு குழு பட்டியலோடு உட்கார்ந்து, ஒவ்வொரு பெயரிலும் நிறுத்தி, இந்த நான்கையும் கேட்டால் கூட்டம் அரை மணி நேரம் நீளும். நீளட்டும். “இவர் ஒவ்வொரு ஞாயிறும் திருப்பலிக்கு வருகிறவர்” என்பதால் மட்டும் மேலே ஏறிய பெயர் எது, வாயாடாததால் கீழே போன பெயர் எது என்று அப்போதுதான் தெரியும். சேரும் முன் மையத்திடம் இந்த எண்களைக் குறிப்பிட்டு, இவற்றையும் கற்றுத்தருவீர்களா என்று கேட்டுவிடுங்கள்.

வழித்துணையாளர் கிடைக்காத இடத்தில் இருப்பவர்களுக்கு, அமெரிக்காவில் உள்ள இயேசு சபையின் க்ரைட்டன் பல்கலைக்கழகத்தின் 34 வார இணையத் தியானம் இலவசமாக இருக்கிறது. ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு படம், வழிகாட்டுக் குறிப்பு, வாசகங்கள் உண்டு. நிதானமான மொழி. அறிமுகத்துக்கு மிக நல்லது. மறுபார்வையைக் கேட்க ஓர் ஆள் வேண்டுமே, அதற்கு நம்பிக்கையான ஒருவரையோ சிறு குழுவையோ நீங்களே தேடிக்கொள்ள வேண்டும்.

அண்மையில் துக்கம் நேர்ந்தவர்கள், மன அழுத்தத்துக்குச் சிகிச்சையில் இருப்பவர்கள் இதைத் தள்ளிவைக்கலாம். அதிக மௌனம் அந்நேரத்தில் பாரமாகும். நாளுக்கு முக்கால் மணி கிடைக்காதவர்களுக்கு 18-ஆம் குறிப்பு எளிய வழியைத் தருகிறது, அதில் முக்கியமானது தினசரி ஆன்ம சோதனை. நன்றி சொல்லி, பார்க்கும் அருளைக் கேட்டு, மணிக்கு மணி நாளைத் திரும்பிப் பார்த்து, மன்னிப்புக் கேட்டு, நாளைக்குத் தீர்மானித்து முடிப்பது. சேவை முடிந்து திரும்பும் பேருந்திலேயே பத்து நிமிடத்தில் செய்யலாம். வீடு வந்து சேர்ந்தபின் என்றால் பாதி மறந்திருக்கும்.

சேர முடிவெடுத்தால், முதல் சந்திப்பிலேயே உங்கள் சேவை நாள் எது என்று சொல்லிவிடுங்கள். அன்றைய தியானத்தை இரவுக்குத் தள்ளாமல் கிளம்பும் முன் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாளுக்குப் புதுப் பகுதி எடுக்காமல், மனம் அசைந்த இடத்துக்கே திரும்பிப் போகும்படி வழித்துணையாளர் அமைத்துத் தருவார்.