எம்.பி.4 குழுவின் ஜோ காக்ஸ் நினைவுப் பாடல்: ஓர் இசை விமர்சனம்

அரசியல்வாதிகள் கிட்டாரைத் தொட்டாலே விளம்பரத்துக்காகத்தான் என்று முகம் சுளிப்பவர்கள், 2016 டிசம்பரில் வெளியான ‘யூ கான்ட் ஆல்வேஸ் கெட் வாட் யூ வான்ட்’ என்ற தனிப்பாடலை ஒருமுறையாவது பொறுமையாகக் கேட்க வேண்டும். அவ்வாண்டு ஜூன் 16 அன்று, தொகுதி மக்களைச் சந்திக்கச் சென்ற இடத்தில் படுகொலை செய்யப்பட்ட பிரிட்டிஷ் தொழிலாளர் கட்சி எம்.பி. ஜோ காக்ஸின் நினைவாக இது உருவானது. ஸ்டீவ் ஹார்லி, கே.டி. டன்ஸ்டால், டேவிட் கிரே, ரிக்கி வில்சன் ஆகிய பெயர் பெற்ற பாடகர்களுடன் இதில் இணைந்திருப்பது, 2004இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் உருவான எம்.பி.4 என்ற ராக் குழு.

குழுவின் கட்சிக் கணக்கே சுவையானது. கிட்டார் வாசிக்கும் கெவின் பிரென்னனும் பேஸ் கிட்டார் வாசிக்கும் இயன் காவ்ஸியும் தொழிலாளர் கட்சியினர். டிரம்ஸ் கிரெக் நைட் கன்சர்வேட்டிவ். கீபோர்டு பீட் விஷார்ட், ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டும் என்று கோரும் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியை (எஸ்.என்.பி.) சேர்ந்தவர். காவ்ஸி 2010 தேர்தலில் தோற்றுப் பதவியிழந்தார். வாக்காளர்கள் கைவிட்டாலும் குழு அவரைக் கைவிடவில்லை.

பிரிட்டிஷ் ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸ் 1969இல் வெளியிட்ட மூலப் பாடலை எடுத்துக்கொண்டது துணிச்சல்தான். அதன் தாளம் கேட்பதற்கு எளிதாகத் தோன்றினாலும், அக்குழுவின் டிரம்ஸ் கலைஞர் சார்லி வாட்ஸுக்கே பிடிபடாமல், தயாரிப்பாளர் ஜிம்மி மில்லர் தாமே டிரம்ஸ் முன் அமர்ந்து வாசித்தது அது. அந்த நெளிவை இந்தப் பதிவில் எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். இங்கே தாளம் நேராக, பத்திரமாக நடக்கிறது. ஆனால் எம்.பி.க்கள் தங்களை முன்னிறுத்தாமல் பாடகர்களுக்கு இடம்விட்டு வாசித்திருப்பதை நான் பெரிதும் மதிக்கிறேன். ரன்ரிக் என்ற புகழ்பெற்ற ஸ்காட்டிஷ் குழுவில் தொழில்முறைக் கலைஞராகப் பல ஆண்டுகள் இருந்த விஷார்ட் போன்ற ஒருவருக்கு இந்த அடக்கம் எளிதாக வந்திருக்காது.

குறையும் உண்டு. நான்கு பாடகர்கள் பங்கிட்டுக்கொள்வதால் எந்தக் குரலும் நம் மனத்தில் ஊன்றுவதற்குள் அடுத்த குரல் வந்துவிடுகிறது. மூலத்தைப் பாடிய மிக் ஜாகரின் குரலில் இருந்த எள்ளலும் கசப்பும் இதில் இல்லை, எல்லாம் சற்று மரியாதையாகிவிடுகிறது. நினைவஞ்சலி என்பதால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். குழுப்பாடல் எழும் இடங்களில் அந்த மரியாதையே பாட்டுக்குப் பொருந்தவும் செய்கிறது.

விற்பனைத் தொகை ஜோ காக்ஸ் அறக்கட்டளைக்கு என்பதால் ரோலிங் ஸ்டோன்ஸ் தங்கள் ராயல்டியையும், பிரிட்டிஷ் அரசு வாட் வரியையும் விட்டுக்கொடுத்தன. அதனால் காசு கொடுத்து வாங்குவதற்கு நான் தயங்கவில்லை. மூலப் பாடலின் இடத்தில் மட்டும் இதை வைக்க மாட்டேன்.