செயின்ட் ஜார்ஜா, மெஸ்கீட்டா? ஒரே ஆற்றங்கரையில் இரண்டு பாலைவன ஊர்கள்

லாஸ் வேகஸிலிருந்து சயான் தேசியப் பூங்காவுக்குக் காரில் போகிறவர்கள் இரண்டு பாலைவன ஊர்களைக் கடந்தாக வேண்டும். 130 கி.மீ. போனதும் நெவாடா மாநிலத்தின் கடைசி ஊரான மெஸ்கீட். அங்கிருந்து அரிசோனாவின் ஒரு மூலையைத் தாண்டி இன்னும் 60 கி.மீ. போனால் யூட்டா மாநிலத்தின் செயின்ட் ஜார்ஜ். இரண்டுமே வர்ஜின் ஆற்றங்கரை ஊர்கள், இரண்டையும் நிறுவியவர்கள் அமெரிக்காவில் தோன்றிய மோர்மன் கிறிஸ்தவ சபையினர். ஓய்வுக்காலத்துக்கு வீடு தேடுகிறவர்கள் இரண்டையும் வெயில், வீட்டு விலை, கோல்ஃப் மைதானம் என்று வைத்துப் பார்ப்பார்கள். என் கணக்கில் அதெல்லாம் அப்புறம். இந்த ஊர்களைப் பிரித்தது நடுவே ஓடும் மாநில எல்லையும் அதோடு வந்த சட்டமும்தான்.

செயின்ட் ஜார்ஜ் மேலிடத்து உத்தரவில் பிறந்த ஊர். 1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியதும் தென் மாநிலங்களிலிருந்து பருத்தி வராது என்று சபைத் தலைவர் பிரிகம் யங் கணக்குப் போட்டார். சுமார் 300 குடும்பங்களின் பெயரை அறிவித்து, பருத்தி விளைவிக்கச் சொல்லி யூட்டாவின் தெற்குப் பகுதிக்கு அனுப்பினார். அதனால்தான் பருத்தி விளையும் தென் மாநிலங்களின் செல்லப்பெயரான ‘டிக்ஸி’ அந்த வட்டாரத்துக்கே ஒட்டிக்கொண்டது. பருத்தி விளைந்தது, ஆனால் கட்டுப்படியாகவில்லை. 1869-ல் கண்டத்தைக் கடக்கும் ரயில் வந்தபின் வெளிச் சரக்கோடு போட்டி போட முடியவில்லை. அணையைக் கட்டக் கட்ட ஆறு அடித்துக்கொண்டு போனது.

போனவர்கள் திரும்பிவிடாமல் இருந்ததற்குக் கோயிலும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கோயிலுக்குத் தேர்ந்தெடுத்த இடம் சதுப்பு நிலம். பழைய பீரங்கி ஒன்றுக்குள் ஈயத்தை நிரப்பி, உயரத் தூக்கிப் போட்டு, எரிமலைக் கற்களைச் சேற்றில் அடித்து இறக்கி அஸ்திவாரம் போட்டார்கள். 1877-ல் முடிந்த அந்த வெள்ளைக் கோயில்தான் யூட்டாவில் முதலில் கட்டி முடிக்கப்பட்ட மோர்மன் ஆலயம். பருத்தி கைவிட்டாலும் வேலையும் கூலியும் சாப்பாடும் அதைச் சுற்றியே சுழன்றன.

மெஸ்கீட்டுக்கு அப்படி ஒரு நங்கூரம் இல்லை. 1880-ல் குடியேறினார்கள், வாய்க்காலை வெள்ளம் கொண்டுபோக, ஊரைக் காலி செய்தார்கள். இன்னொரு முயற்சியும் தோற்றது. 1894-ல் பக்கத்து பங்கர்வில்லிலிருந்து வந்த ஆறு குடும்பங்கள்தான் ஊன்றி நின்றன. அதன்பின் பல பத்தாண்டுகள் வயலும் பால்மாடும்தான். நகராட்சி ஆனதே 1984-ல்.

வளர்ச்சியைத் தொடக்கி வைத்தது சாலை. 1973-ல் வர்ஜின் ஆற்றுப் பள்ளத்தாக்கைக் குடைந்து ஐ-15 நெடுஞ்சாலை திறந்தது. அதே சாலைதான் இரண்டு ஊருக்கும். கிடைத்த பலன்தான் வேறு. யூட்டாவில் எந்தச் சூதாட்டமும் கூடாது, நெவாடாவில் கூடும். எனவே யூட்டா பக்கமிருந்து வருகிறவர்களுக்கு முதல் கேசினோ மெஸ்கீட்டில். வீடியோ போக்கர் இயந்திரத்தைப் பரப்பிய சை ரெட் இங்கே ஒயாசிஸ் என்ற பெரிய விடுதியை நடத்தினார். 1990-ல் 1,871 பேர் இருந்த ஊர் 2000-ல் 9,389, 2020-ல் 20,471. ஆனால் 2008 பொருளாதாரச் சரிவில் ஒயாசிஸ் மூடப்பட்டது, பிறகு இடித்தே தள்ளினார்கள். கேசினோவை நம்பிய ஊரின் பலவீனம் அதில் தெரிந்தது. இப்போது ஊரைத் தாங்குவது பெரும்பாலும் ஓய்வூதியக்காரர்கள்தான்.

செயின்ட் ஜார்ஜில் 1970-ல் ஏழாயிரம் பேர், 2020-ல் 95,342. சின்ன ஊர் என்று சொல்லும் காலம் போய்விட்டது. பெரிய மருத்துவமனையும் பல்கலைக்கழகமும் வந்ததால், வேலை பார்க்கும் வயதுக்காரர்களும் தங்குகிறார்கள். அந்தப் பல்கலைக்கழகம் 2022-ல் ‘டிக்ஸி’யை விட்டுவிட்டு யூட்டா டெக் என்று பெயர் மாற்றியபோது உள்ளூரில் பெரிய சண்டை. அடிமை முறையை நினைவூட்டும் பெயர் என்றார்கள் ஒரு பக்கம், எங்கள் பாட்டன் பூட்டன் பட்ட பாடு என்றார்கள் மறுபக்கம். மெஸ்கீட்டில் இப்படிச் சண்டை போட அவ்வளவு பழம்பெருமை கிடையாது. குடியேறப் போகிறவருக்கு அது ஒரு வசதி என்றுகூடச் சொல்வேன்.

இன்னொரு பழைய கணக்கும் உண்டு. 1950-களில் நெவாடாவில் வெடித்த அணுகுண்டுகளின் கதிரியக்கத் தூசு கிழக்கே செயின்ட் ஜார்ஜ் பக்கம் போனது. 1953 மே 19 ‘ஹாரி’ சோதனையின்போது செயின்ட் ஜார்ஜ் மக்களை வீட்டுக்குள் இருக்கச் சொன்னார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டுச் சட்டம் வர 1990 ஆனது. அரசாங்கத்துக்கு இவ்வளவு அடங்கி நடந்த ஊர் அப்படி ஏமாந்தது இன்றும் அங்கே ஆறாத கோபம்.

யாருக்கு எது? நெவாடாவில் மாநில வருமான வரி கிடையாது, யூட்டாவில் உண்டு. ஓய்வூதியம் கணிசமாக வருகிறவர், உடல் நன்றாக இருப்பவர் மெஸ்கீட்டைப் பார்க்கலாம். இதய நோய் உள்ளவர், பேரப்பிள்ளைகள் பக்கத்தில் வேண்டும் என்பவர் செயின்ட் ஜார்ஜ் போகட்டும். வெயிலுக்குத் தப்ப இரண்டுமே உதவாது: யூட்டாவின் அதிகபட்ச வெப்பமான 47 டிகிரி பதிவானதே செயின்ட் ஜார்ஜில்தான், 1985-ல், மெஸ்கீட் அதைவிடத் தாழ்வான இடம்.

வீடு வாங்கும் முன் விசாரிக்க வேண்டியது தண்ணீர். மெஸ்கீட் கிணற்று நீரை நம்புகிறது. செயின்ட் ஜார்ஜ் பெரும்பாலும் வர்ஜின் ஆற்றை நம்புகிறது. கொலராடோ ஆற்றின் பவல் ஏரியிலிருந்து செயின்ட் ஜார்ஜ் பக்கம் 225 கி.மீ. குழாய் போடும் திட்டம் 2006 முதல் இருக்கிறது, 2020-ல் கொலராடோ ஆற்றைப் பங்கிடும் மற்ற ஆறு மாநிலங்களும் அதை எதிர்த்துக் கடிதம் எழுதின. குழாய் வரும் என்று சொல்லி விற்கும் தரகரிடம் அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேளுங்கள்.