ஜூலை 4: பேஸ்பால் மைதானமா, ஆற்றங்கரையா?

அமெரிக்கச் சுதந்திர தினத்தில் பாஸ்டனில் தேசபக்திப் பாடல்களைக் கூட்டத்தோடு கூட்டமாகக் கேட்க எங்கே போகலாம்?

செலவு: ஃபென்வே பார்க் பேஸ்பால் மைதானத்தில் டிக்கெட் வாங்கியாக வேண்டும். சார்லஸ் ஆற்றங்கரையில் பாஸ்டன் பாப்ஸ் இசைக்குழுவின் கச்சேரி இலவசம்.

வசதி: மைதானத்தில் உங்கள் இருக்கை உங்களுக்கே. ஆற்றங்கரைப் புல்வெளியில் சீக்கிரமே போய் இடம் பிடித்து, வெயிலில் காத்திருக்க வேண்டும்.

இசை: மைதானத்தில் தேசிய கீதம் இரண்டே நிமிடம்தான். ஆனாலும் தொப்பிகள் கழன்று, அத்தனை பேரும் எழுந்து நிற்கும்போது மெய் சிலிர்க்கும். அதற்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு: 1918 உலகத் தொடர் (வேர்ல்டு சீரீஸ்) பேஸ்பால் இறுதிப் போட்டிகளில், போர்க்காலத்தில், ஏழாவது இன்னிங்ஸ் இடைவேளையில் வாத்தியக் குழு இந்தப் பாடலை வாசித்ததும் சிகாகோ ரசிகர்கள் சேர்ந்து பாடினார்கள். எதிரணி, ஃபென்வேயின் சொந்த அணியான பாஸ்டன் ரெட் சாக்ஸ். சட்டப்படி அது தேசிய கீதமானதோ 1931-இல்தான்!

ஆற்றங்கரையில் மாலை முழுக்க இசை. அமெரிக்க இசையமைப்பாளர் சூசாவின் அணிவகுப்பு இசைக்குக் குழந்தைகள் கொடியாட்டிக் குதிப்பார்கள். 1974-இல் பாப்ஸ் நடத்துநர் ஆர்தர் ஃபீட்லர், ரஷ்ய இசையமைப்பாளர் சைக்காவ்ஸ்கியின் ‘1812’ என்ற படைப்போடு நிஜப் பீரங்கிகளையும் முழங்கவிட்டார். இன்றும் தொடரும் அந்த அதிர்வு நெஞ்சுக்குள் இறங்கும்.

ஆட்டம் பிடித்தவர்களுக்கும், வெயிலில் காத்திருக்க முடியாத பெரியவர்களுக்கும் மைதானம். இசைக்காகவே போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஆற்றங்கரைதான். கைக்குழந்தை இருந்தால் மட்டும் பீரங்கிச் சத்தத்திலிருந்து தள்ளியே உட்காருங்கள்.