காதில் வைத்தாலும் அணையாத திரை: நடுத்தர விலை போன்களில் எது பக், எது இல்லாத பாகம்

போனைக் காதில் வைத்துப் பேசும்போது திரை அணைவதில்லை. கன்னம் பட்டு மியூட் விழுகிறது, ஹோல்டு விழுகிறது, சில நேரம் காலே கட்டாகிறது. நடுத்தர விலை ஆண்ட்ராய்டு போன்களைப் பற்றி அடிக்கடி வரும் புகார் இது. வாங்கியவர்கள் இதை மென்பொருள் கோளாறு (பக்) என்று நினைத்து, அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும் என்று காத்திருக்கிறார்கள். அதற்குள் ரிட்டர்ன் செய்யும் கெடு முடிந்துவிடுகிறது.

பல நேரம் அது பக் அல்ல. போனில் ஒரு பாகமே இல்லை. வழக்கமான பிராக்ஸிமிட்டி சென்சார், இயர்பீஸ் அருகே அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, திரும்பி வரும் ஒளியை வைத்துக் காது நெருங்குவதை அறியும். செலவையும் திரை மேல்விளிம்பில் இடத்தையும் மிச்சப்படுத்த, பல மாடல்களில் இதை எடுத்துவிட்டு ‘விர்ச்சுவல்’ சென்சார் வைக்கிறார்கள். இயர்பீஸ் வழியாகக் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி அதன் எதிரொலியை மைக்கில் பிடிப்பது ஒரு முறை. போன் அசையும் விதத்தையும் திரையில் படும் தொடுதலையும் வைத்து ஊகிப்பது இன்னொரு முறை. ஊகம்தானே, தவறும். இயர்பீஸ் வலையில் தூசி அடைத்தால் தவறும். மேல் மைக்கைக் கவர் மறைத்தால் தவறும். படுத்துக்கொண்டே பேசினாலும் தவறும், ஏனென்றால் போன் இருக்கும் கோணம் அது எதிர்பார்க்கும் கோணம் அல்ல.

சோதிப்பது எளிது. ஸ்பீக்கரைப் போடாமல் ஒரு கால் செய்து, போனை மேசைமேல் மல்லாக்க வையுங்கள். அதை அசைக்காமல், திரையைத் தொடாமல், இயர்பீஸுக்கு மேல் 2 அல்லது 3 செ.மீ. உயரத்தில் உள்ளங்கையைக் கொண்டு வாருங்கள். உண்மையான சென்சார் என்றால் திரை உடனே அணையும். விர்ச்சுவல் என்றால் தயங்கும், அல்லது கண்டுகொள்ளவே கொள்ளாது. முதலில் ஸ்கிரீன் கார்டைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். உண்மையான சென்சாரையும் மலிவு கார்டு மறைத்துவிடும். பாகம் இல்லை என்று உறுதியானால் அப்டேட் வந்து கொஞ்சம் மேம்படலாம், முழுதாகத் தீராது. கெடுவுக்குள் திருப்பிக் கொடுப்பதே சரி. கெடு தாண்டியிருந்தால், கால் இணைந்ததும் பவர் பட்டனை ஒருமுறை அழுத்தித் திரையை அணைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன் அக்ஸசிபிலிட்டி செட்டிங்ஸில் ‘பவர் பட்டன் காலை முடிக்கும்’ என்ற விருப்பம் ஆஃபில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்களே காலைக் கட் செய்வீர்கள்.

பெட்டியில் அச்சிட்ட எண்கள் தரும் ஏமாற்றம் வேறு வகை. அங்கே பொய் இருக்காது, முழு உண்மையும் இருக்காது. ‘8+8 ஜிபி ரேம்’ என்றால் ரேம் 8 ஜிபிதான். மீதி 8, ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது, ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. 108 மெகாபிக்சல் கேமரா, வழக்கமான மோடில் ஒன்பது பிக்சலை ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படம்தான் தரும். அதில் குறையில்லை, இருட்டில் அதுவே நல்லது. ஆனால் கூடவே வரும் 2 மெகாபிக்சல் மேக்ரோ, ‘மூன்று கேமரா’ என்று அச்சிட உதவுவதைத் தவிர வேறு உருப்படியான வேலை செய்வதில்லை. 67 வாட் சார்ஜிங் என்பது உச்ச வேகம். அந்த நிறுவனத்தின் சார்ஜரும் கேபிளும் இருந்தால்தான் கிடைக்கும், பேட்டரி நிரம்ப நிரம்பக் குறைந்துகொண்டே வரும். ‘மூன்று ஆண்டு அப்டேட்’ என்பதில் புது ஆண்ட்ராய்டு பதிப்புகள் எத்தனை, பாதுகாப்பு பேட்ச் எத்தனை ஆண்டு என்று பிரித்துப் பாருங்கள். அந்தக் கணக்கு பொதுவாக மாடல் வெளியான நாளிலிருந்து தொடங்கும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல.

பெட்டியில் பெரும்பாலும் சொல்லாத ஒன்றுதான் பின்னால் அதிகம் கடிக்கும்: ஸ்டோரேஜ் எந்த வகை என்பது. இஎம்எம்சி என்ற பழைய வகை ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் செய்யாது, யுஎஃப்எஸ் என்ற புதிய வகை செய்யும். இஎம்எம்சி போன் முக்கால்வாசி நிரம்பிய பிறகு ஆப் அப்டேட் ஓடும்போதெல்லாம் திணறும். இதற்கு எந்த செட்டிங்கும் மருந்தல்ல; இடத்தைக் காலியாக வைத்தால் கொஞ்சம் தாங்கும்.

செட்டிங்கில் தீர்வதும் உண்டு. மெசேஜ் தாமதமாக வருவது பெரும்பாலும் பேட்டரி சிக்கனத்துக்காக போன் அந்த ஆப்பைப் பின்னணியில் கொல்வதால்தான். செட்டிங்ஸில் அந்த ஆப்பைத் திறந்து, பேட்டரி பகுதியில் ‘கட்டுப்பாடில்லை’ என்று மாற்றுங்கள். ‘ஆட்டோஸ்டார்ட்’ தனியாக இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள். திரை தானாகத் தொடுதலை உணர்ந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி சார்ஜரின் மின் இரைச்சல், திரை அல்ல.

பெரிய அப்டேட்டுக்குப் பின் ஓரிரு நாள் சூடாவது இயல்பு. ஆப்களைப் போன் மறுபடி தொகுத்துக்கொண்டிருக்கும். அதற்கு மேலும் நீடித்தால், நீங்கள் இறக்கிய ஆப்கள் ஓடாத சேஃப் மோடில் போட்டுப் பாருங்கள். பல போன்களில் பவர் மெனுவில் ‘பவர் ஆஃப்’ஐ அழுத்திப் பிடித்தால் வரும். அதில் சூடு தணிந்தால் நீங்கள் இறக்கிய ஆப் ஒன்றுதான் காரணம். தணியாவிட்டால் சிஸ்டம் அல்லது ஹார்டுவேர். ஃபேக்டரி ரீசெட் கடைசிதான், அதுவும் சாட் பேக்கப்பையும் ஓடிபி உருவாக்கும் ஆப்பின் கணக்குகளையும் வேறு போனுக்கு மாற்றிய பிறகே.

சர்வீஸ் சென்டருக்குப் போவதென்றால் கோளாறு நடக்கும்போதே இன்னொரு போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். கவுண்டரில் வைத்துக் காட்டும்போது அது வராது. போனை வாங்கிக்கொண்டு அவர்கள் எழுதித் தரும் ஜாப் ஷீட்டில் ‘போன் செக்கிங்’ என்று மட்டும் எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்தச் செயலில், எத்தனை நிமிடத்தில், எந்த பில்டு எண்ணில் (போனில் இருக்கும் மென்பொருள் பதிப்பின் எண்) வருகிறது என்பது அதில் இருக்க வேண்டும். சாஃப்ட்வேரை மறுபடி ஏற்றித் தந்த பின்னும் அதே கோளாறு வந்தால், அந்தத் தாள்தான் மாற்று போன் கேட்க உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.