ஏடிஹெச்டி உள்ள குழந்தைகளுக்கான சமூகத் திறன் வகுப்பு: 12 சனிக்கிழமைகளுக்குப் பிறகு

எங்கள் குடியிருப்பின் பின்புறத் திடலில் பிள்ளைகள் மாலை ஐந்தரை மணிக்குக் கிரிக்கெட் ஆடுவது வழக்கம். சென்ற ஆண்டு அந்த ஆட்டம் திடீரென்று நான்கரை மணிக்கு மாறியது. என் 9 வயது மகன் கணக்கு ட்யூஷனில் இருக்கும் நேரம் அது. அவன் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே நேரத்தை மாற்றியிருக்கிறார்கள் என்பதை வாட்ச்மேன் அண்ணன் சொல்லித்தான் அறிந்தேன். அவுட் ஆனாலும் மட்டையைக் கொடுக்க மாட்டான், அடுத்தவர் பேசும்போது குறுக்கே புகுவான், தோற்றால் ஸ்டம்பை உதைப்பான் என்று பிள்ளைகள் சொன்ன குறைகளில் ஒன்றுகூடப் பொய்யில்லை. அவனுக்கு ஏடிஹெச்டி (கவனச் சிதறலும் மிகையான துறுதுறுப்பும் சேர்ந்த வளர்ச்சிக் குறைபாடு) இருப்பது 7 வயதிலேயே உறுதியாகியிருந்தது. அதுவரை அவனுடைய மதிப்பெண்ணையும் முடிக்காத வீட்டுப்பாடத்தையும் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு, அவனுக்கென்று ஒரு நண்பன்கூட இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

மருத்துவரின் பரிந்துரைப்படி, தென்சென்னையில் ஒரு தனியார் மையம் நடத்தும் சமூகத் திறன் வகுப்பில் அவனைச் சேர்த்தோம். மையம் சிறியது, அங்கு வரும் குழந்தைகளை எளிதில் அடையாளம் கண்டுவிடலாம் என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். 12 சனிக்கிழமைகள், ஒவ்வொரு முறையும் 90 நிமிடம், 8 முதல் 11 வயது வரையுள்ள 6 குழந்தைகள், 2 ஆலோசகர்கள், மொத்தக் கட்டணம் 18,000 ரூபாய்.

வகுப்பு மூன்று பகுதிகளாக நடந்தது. முதல் அரை மணி நேரம் பாடம்: முகபாவப் படங்களைப் பார்த்து உணர்ச்சியைச் சொல்வது, ஆடிக்கொண்டிருக்கும் கூட்டத்தில் எப்படிக் கேட்டுச் சேர்வது, கோபம் வந்தால் என்ன செய்வது. அடுத்த அரை மணி நேரம் அதையே நடித்துப் பார்ப்பது. கடைசி அரை மணி நேரம் ஊனோ, கேரம், தாயம் என்று சேர்ந்து ஆடுவது. பாடத்தில் என் மகன் எப்போதும் முதல் ஆள். எந்தக் கேள்விக்கும் சரியான விடையைச் சொல்லிவிடுவான். மூன்றாவது வாரம் வீடு திரும்பும் வழியில், “உனக்குத்தான் எல்லா ரூலும் தெரியுதே, அப்புறம் ஏன்டா கேரம்ல ஸ்ட்ரைக்கரைப் பிடுங்கின?” என்று கேட்டேன். “தெரியும்மா. ஆனா அந்த நேரத்துல ஞாபகம் வர மாட்டேங்குது” என்றான்.

இந்த வகுப்பைப் பற்றி நான் சொல்ல நினைப்பதெல்லாம் அந்த ஒரு பதிலுக்குள் அடங்கியிருக்கிறது. ஏடிஹெச்டியைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி, இது அறியாமையால் வரும் குறை அல்ல, அறிந்ததை உரிய கணத்தில் செய்ய முடியாமல் போகும் குறை என்று வலியுறுத்தி வந்தவர். தாயம் ஆடும் பிள்ளை எவ்வளவு வேலைகளை ஒரே நேரத்தில் செய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த முறை யாருடையது என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும், கட்டையை எடுக்கத் துடிக்கும் கையை அடக்க வேண்டும், தன் காய் வெட்டுப்பட்டால் போட்டிருந்த திட்டத்தை மாற்ற வேண்டும், எதிரில் இருப்பவனின் முகம் சுருங்குகிறதா என்பதையும் ஓரக்கண்ணால் கவனிக்க வேண்டும். செயல்நினைவு, உந்துதலை அடக்குதல், மனத்தை வேறு வழிக்குத் திருப்புதல் ஆகிய இந்தச் சிந்தனைத் திறன்கள்தான் ஏடிஹெச்டி உள்ள பல குழந்தைகளிடம் தளர்ந்திருக்கின்றன. அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட மூளை வளர்ச்சி ஆய்வில், மூளையின் மேலடுக்கான புறணியில் பாதிப் பகுதி தன் உச்சத் தடிமனை எட்டும் வயது மற்றக் குழந்தைகளுக்கு ஏழரையாகவும் ஏடிஹெச்டி உள்ளவர்களுக்குப் பத்தரையாகவும் இருந்தது. இந்தத் தாமதம் நெற்றிக்குப் பின்னுள்ள பகுதிகளில்தான் மிகுதியாகத் தெரிந்தது. இதைப் படித்த பிறகு, என் மகன் திடலில் ஏன் தன்னைவிடச் சிறிய பிள்ளைகளைத் தேடிப் போகிறான் என்பது எனக்கு ஓரளவு புரிந்தது.

ஆகவே, சமூக விதிகளைச் சொல்லிக்கொடுக்கும் முதல் இரண்டு பகுதிகளும் என் மகனுக்குப் பெரிதாக உதவவில்லை. இது ஒரு தாயின் தனிப்பட்ட ஏமாற்றம் மட்டும் அன்று. சமூகத் திறன் பயிற்சி குறித்த 25 ஆய்வுகளைத் தொகுத்து மருத்துவச் சான்றுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019-இல் வெளியிட்ட மதிப்பாய்வும், இப்பயிற்சி ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகளுக்குப் பலன் தருகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றே முடிவுக்கு வந்தது. கட்டணம் கட்டும் முன் இதைப் பெற்றோரிடம் சொல்லிவிடுவது மையத்தின் கடமை என்று நினைக்கிறேன். எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

ஆனால் அந்த மூன்றாவது அரை மணி நேரம் வேறு வகையானது. முதல் ஐந்து வாரங்கள் பெற்றோர் வெளியே நடைவழியில் காத்திருந்தோம். முடிந்ததும் ஆலோசகர்களிடமிருந்து “நல்லா பண்ணினான் மேடம்” என்ற ஒரு வரியைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை. ஆறாவது வாரம் நான் வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் சன்னல் வழியாகப் பார்க்க அனுமதித்தார்கள். இளைய ஆலோசகர் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார். என் மகன் பொறுமையிழந்து முன்னால் சாயத் தொடங்கியதும், எதுவும் பேசாமல், கையின் படம் வரைந்த சிறிய அட்டை ஒன்றை அவன் முழங்காலருகே வைத்தார். அவன் அதைப் பார்த்தான், கையை இழுத்துக்கொண்டான், தன் முறை வரும்வரை இருந்தான். உடனே, “அவன் போடுற வரைக்கும் காத்திருந்தியே, அதைப் பார்த்தேன்” என்று தாழ்ந்த குரலில் சொன்னார். தவறு நடக்கப்போகும் அந்த நொடியில் வெளியிலிருந்து ஒரு நினைவூட்டல், சரியாகச் செய்த நொடியில் ஒரு சொல். மறந்துபோகிற மனத்துக்கு வேண்டிய உதவி இதுதான் என்பதை அந்தப் பெண் நன்றாக அறிந்திருந்தார். 18,000 ரூபாயில் பாதியையாவது அவருக்காகவே கொடுத்ததாக எண்ணிக்கொள்கிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். வகுப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தது. திடலில் தமிழில் சண்டை போடும் பிள்ளைக்கு, ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்த சமாதான வாக்கியம் எப்படிக் கைகொடுக்கும்? பள்ளியுடன் எந்தத் தொடர்பும் இல்லை. நானும் இன்னொரு பெற்றோரும் கேட்டதால் ஒன்பதாவது வாரம் வகுப்பாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்கள்.

என்னை மிகவும் வருத்தியது 8 வயதுச் சிறுமி ஒருத்தியின் நிலை. அவளிடம் துறுதுறுப்பு கிடையாது, கவனம் சிதறுவது மட்டுமே. யாரோடும் அவள் சண்டையிடவில்லை. பேச்சின் இழை கைவிட்டுப் போனதும் மௌனமாகிவிடுவாள். மற்றவர்கள் ஆட்டத்தில் அவளைத் தாண்டிச் சென்றால்கூடச் சொல்ல மாட்டாள். அட்டைகளும் பாராட்டும் ஆர்ப்பாட்டம் செய்யும் பையன்களுக்கே போயின. அடங்கியிருப்பவளுக்கு அடக்கத்தைக் கற்பிக்கும் வகுப்பு எதற்கு? அவளுக்கு வேண்டியது பேச்சுக்குள் திரும்ப நுழையும் வழி. வகுப்பைத் திட்டமிட்டவர்கள் அதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. பிள்ளையை ஒதுக்குவது வகுப்பறையும் திடலும்தான். பயிற்சியோ ஏடிஹெச்டி உள்ளவர்கள் மட்டுமே இருக்கும் ஓர் அறையில் நடக்கிறது. அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய சிகிச்சை ஆய்வில் பங்கேற்ற பிள்ளைகளைப் பற்றி அவர்களுடைய வகுப்புத் தோழர்களிடமே கேட்டபோது, பங்கேற்ற பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் மற்றவர்களால் ஒதுக்கப்பட்டவர்களாக இருந்தனர் என்று 2005-இல் வெளியான கட்டுரை கூறுகிறது. ஒருமுறை விழுந்த பெயர், பிள்ளை மாறிய பிறகும் எளிதில் போவதில்லை.

இதை அந்த இளைய ஆலோசகரிடம் மனம்விட்டுச் சொன்னபோது, “கூட்டத்தை விட்டுடுங்கம்மா, ஒரே ஒரு பையனை வீட்டுக்குக் கூப்பிடுங்க” என்றார். 45 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், என்ன ஆடுவது என்பதை முன்பே பேசி வையுங்கள், இருவரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே முடித்துவிடுங்கள் என்றும் சொன்னார். பெற்றோரையே நட்புக்கான பயிற்சியாளர்களாக்கும் முறையை உளவியலாளர் அமோரி மிகாமி ஏடிஹெச்டி உள்ள 62 குழந்தைகளின் குடும்பங்களோடு சோதித்து 2010-இல் வெளியிட்ட முதல் ஆய்வில் ஊக்கம் தரும் பலன்கள் கிடைத்திருக்கின்றன என்பதைப் பின்னர் அறிந்தேன். மையத்தின் பாடத்திட்டத்தில் இதற்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கப்படவில்லை என்பதுதான் வேதனை.

இத்தகைய வகுப்பில் சேர்க்க நினைக்கும் பெற்றோர், பணம் கட்டும் முன் ஆட்ட நேரத்தை ஒருமுறை நேரில் பார்க்கக் கேளுங்கள். ஆலோசகர் பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்கிறாரா, கரும்பலகை அருகே நிற்கிறாரா என்பதைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பள்ளியோடு பேசுவார்களா, பெற்றோருக்கு என்ன கற்றுத்தருவார்கள் என்பதையும் கேளுங்கள். இந்தத் தொகை இயலாதவர்கள், 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் இயங்கும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தை (பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் இடம்) அரசு மருத்துவமனையில் விசாரிக்கலாம். அத்திட்டம் பரிசோதிக்கும் குறைபாடுகளின் பட்டியலில் ஏடிஹெச்டியும் இருக்கிறது.

மையத்தின் இரண்டாம் கட்ட வகுப்பு ஜூனில் தொடங்குகிறது. ஐந்துக்கு மதிப்பிடச் சொன்னால் வகுப்புக்கு இரண்டரையும் அந்த இளைய ஆலோசகருக்கு ஐந்தும் தருவேன். மகனை அதில் சேர்க்கவில்லை. மூன்றாம் மாடிப் பையன் இப்போது சனிக்கிழமை காலையில் கேரம் ஆட எங்கள் வீட்டுக்கு வருகிறான். கையின் படம் வரைந்த அட்டை ஒன்றைப் பலகையின் ஓரத்தில் நானே வைத்திருக்கிறேன்.