லேக்கர்ஸுக்கு யார்: ஹர்லியா, ரெடிக்கா?

2024 மே மாதம், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் ஆடும் லேக்கர்ஸ் அணி தன் பயிற்சியாளர் டார்வின் ஹாமை வேலையைவிட்டு அனுப்பியதும், அடுத்த பயிற்சியாளர் யார் என்பதில் ரசிகர்கள் இரண்டு கட்சியானார்கள்.

டான் ஹர்லி பக்கம் நின்றவர்களிடம் கைமேல் சாட்சி இருந்தது. அவர் பயிற்சியில் கனெக்டிகட் பல்கலைக்கழக அணிக்கு 2023, 2024 என அடுத்தடுத்து இரண்டு தேசியப் பட்டங்கள். அப்பா பாப் ஹர்லியும் புகழ்பெற்ற பள்ளிப் பயிற்சியாளர், ஆக ரத்தத்திலேயே ஊறிய தொழில். ஆனால் கோட்டோரம் நின்று நடுவரைப் பார்த்துக் கத்துகிற, முகம் சிவந்து கையை வீசுகிற அந்த ஹர்லியை நினைத்துப் பாருங்கள். இருபது வயதுப் பையன்கள் கேட்டுக்கொள்வார்கள். வருடத்துக்கு 82 ஆட்டம் ஆடும் என்பிஏ கோடீஸ்வரர்கள்? நாலாவது மாதமே காதைப் பொத்திக்கொள்வார்கள்.

ஜேஜே ரெடிக்குக்கு என்பிஏ பயிற்சி அனுபவம் சுத்தமாக இல்லை. மகனின் சிறுவர் அணியைப் பார்த்துக்கொண்டதுதான் கணக்கு. அதை வைத்துக் கிண்டலடித்தவர்கள் அதிகம். லேக்கர்ஸ் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸோடு பாட்காஸ்ட் பேசியதால் கிடைத்த வேலை என்றும் சொன்னார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம், ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டவர்களுக்குத் தெரியும், ஒரு ஸ்க்ரீனை (சக வீரருக்காக எதிராளியை மறித்து நிற்பது) எந்தக் கோணத்தில் போட வேண்டும் என்று பிரித்து மேய்கிற ஆள் அவர். 15 சீசன் என்பிஏவில் ஆடி, வீரர்களின் உடைமாற்றும் அறைகளில் இருந்தவரும்கூட.

என் ஓட்டு அப்போதே ரெடிக்குக்குத்தான். ஆறு வருடத்துக்கு 7 கோடி டாலர் தருகிறோம் என்றும் ஹர்லி வரவில்லை. அப்புறம் ரெடிக் வந்தார், முதல் சீசனில் 50 வெற்றி. சரி, பட்டத்துக்கான பிளேஆஃபில் மினசோட்டா அணியிடம் 4-1 என்று தோற்று முதல் சுற்றிலேயே வெளியேறியதை எதிர்க்கட்சி இன்னும் மறக்கவில்லை.