மூன்று பொட்டு வைத்த டெலிபோன்

சத்துவாச்சாரி வீட்டில் அம்மாவுக்காக 2016-இல் வாங்கிய வயர் போன் இது. அவரிடம் கைப்பேசியும் இருக்கிறது. “தொடுவதற்கு முன்னாலேயே எங்கேயோ போய்விடுகிறது” என்று அதை ஒதுக்கி வைத்துவிட்டார்.

இந்தக் கருவியில் எண்களைச் சேமிக்க இரண்டு வழிகள். எம்1, எம்2, எம்3 பொத்தான்கள் ஒரே அழுத்தில் அழைத்துவிடும். மற்ற பத்து எண்களுக்கு முதலில் மெமரி பொத்தான், பிறகு 0 முதல் 9 வரை ஒன்று. அந்தப் பத்தில் எது யாருடையது என்று எனக்கே நினைவில் நிற்கவில்லை. பால்காரருக்கு என்று அழுத்திச் சம்பந்தி வீட்டில் பேசியதுதான் மிச்சம். உண்மையில் உழைத்தவை அந்த மூன்றும்தான். அம்மா அவற்றின் மேல் தன் ஸ்டிக்கர் பொட்டுகளை ஒட்டிவிட்டார்: சிவப்பு பெங்களூரு அண்ணனுக்கு, பச்சை ஆரணி அத்தைக்கு, கறுப்பு மருந்துக் கடைக்கு.

2021 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல். காலையில் சிவப்புப் பொட்டை அழுத்தினால் அண்ணனுக்குப் பதில் ஏதோ பதிவுக் குரல். “போன் கெட்டுவிட்டது” என்று தீர்ப்பே சொல்லிவிட்டார் அம்மா. கெடவில்லை. லேண்ட்லைனிலிருந்து கைப்பேசிக்கு அழைக்க முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்ற விதி அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அத்தை வீட்டு எண் 04173 என்று தொடங்குவதால் பச்சைக்குப் பாதிப்பில்லை. கறுப்பும் உள்ளூர் லேண்ட்லைன், தப்பித்தது. கைப்பேசி எண்களை மட்டும் ஒவ்வொன்றாகத் திரும்பப் பதிய வேண்டியிருந்தது.

கடைசியாக அழுத்திய எண்ணையே திரும்ப அழைக்கும் ரீடயல் பொத்தானின் அருமை அத்தைக்கு அழைக்கும்போது தெரியும். அவர் லைன் எப்போதும் எங்கேஜ்தான். பச்சைப் பொட்டு இருக்கிறதே என்பீர்கள். அம்மாவுக்கு ரீடயலை விடாமல் அழுத்துவதில் ஒரு பிடிவாதம். ஆனால் பேரன் ரிசீவரை எடுத்து நான்கு பொத்தானைத் தட்டிவிட்டால் ரீடயலில் அந்த நான்குதான் இருக்கும். தப்பாகச் சுழற்றிய எண்ணையும் அதே விசுவாசத்தோடு திரும்ப அழைக்கும்.

பெரிய குறை ஒன்று உண்டு. அடியில் மூன்று பென்சில் பேட்டரிகள். ஒருமுறை வெள்ளையடிக்க வயரைக் கழற்றி வைத்தோம். பேட்டரியும் தீர்ந்திருந்தது போலும். திரும்ப மாட்டியபோது சேமித்த எண் ஒன்றுகூட இல்லை. இப்போது ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பேட்டரி மாற்றுகிறேன், எண்களை எழுதிய சீட்டைக் கருவியின் வயிற்றிலேயே ஒட்டியிருக்கிறேன்.

முன்பெல்லாம் மின்வெட்டிலும் போன் பேசும். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் 48 வோல்ட் அதற்குப் போதும். ஃபைபருக்கு மாறியபின் வீட்டில் கரண்ட் போனால் போனுக்கு இணைப்புத் தரும் மோடமும் போய்விடுகிறது, ரிசீவரில் டயல் டோனே இல்லை. வேலூர் வெயிலில் மின்விசிறிக்கென்று வைத்த இன்வர்ட்டரில்தான் இப்போது மோடத்தையும் சேர்த்திருக்கிறேன்.